பூனைக்குக் கட்டி எடுத்த பிறகு: 23 நாள் குறிப்புகள்

எங்கள் வீட்டுப் பூனை மிளகுக்கு இந்த ஆவணி மாதம் ஓர் ஆபரேஷன் நடந்தது. வலது விலாவில், தோலிலேயே, கொத்துக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. மேலே முடி உதிர்ந்து, லேசாகச் சிவந்து இருந்தது. அதை எடுத்தார்கள். எடுக்க ஆனது ஏறத்தாழ நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது 23 நாள். பதினாலு நாளில் முடிந்திருக்க வேண்டியது 23 ஆனதற்குக் காரணம் நான்தான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கால்நடை மருத்துவர் இல்லை. பகலில் மென்பொருள் எழுதுகிறவன். ராத்திரியில் கையில் கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிறவன். மருந்துகளின் பெயர் சிலவற்றைச் சொல்வேன், அளவு சொல்ல மாட்டேன். அது உங்கள் டாக்டர் பூனையை எடை போட்டுச் சொல்ல வேண்டியது.

இந்த 23 நாளில் நான் கற்றுக்கொண்டது சுருக்கமாக இதுதான். பூனை விஷயத்தில் கண்ணுக்குத் தெரிவதை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. கட்டி சாதாரணமாகத் தெரியும். வலியே இல்லாத மாதிரி தெரியும். காயம் ஆறிவிட்ட மாதிரி தெரியும். மூன்றிலும் நான் ஒவ்வொரு முறையாவது ஏமாந்திருக்கிறேன்.

கட்டியை என்ன செய்வது?

ஆபரேஷன் முடிந்து பணம் கட்டும்போது கவுன்டரில் இருந்த தம்பி கேட்டார்: "சார், எடுத்த கட்டிய டெஸ்ட்டுக்கு அனுப்பணுங்களா? அதுக்குத் தனியா ஆகும்."

இதே கேள்வியை 2014-லும் ஒருவர் கேட்டார். அப்போது எங்களிடம் இருந்தது வெள்ளச்சி. அவளுக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவில் கட்டி. "கொழுப்புக்கட்டியாத்தான் இருக்கும், வேண்டாங்க" என்று சொன்னது நான். அதில் எவ்வளவு பணம் மிச்சமானது என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. எட்டு மாதத்தில் அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக, உள்ளே எலும்போடு ஒட்டிக்கொண்டு திரும்ப வந்தது. அப்போது எடுக்க முடியாத நிலை. முதல் கட்டி என்னவென்று தெரிந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று தெரியாது. ஆனால் அந்த எட்டு மாதமும் நாங்கள் எதையும் தேடவே இல்லை.

நாய்க்கு வரும் தோல் கட்டிகளில் கொழுப்புக்கட்டி ரொம்ப சகஜம். அந்தப் பழக்கத்தில் பூனைக்கும் அதே மாதிரி நினைத்துவிடுகிறோம். பூனைகளில் கணக்கு வேறு. நாயோடு ஒப்பிட்டால் பூனையின் தோல் கட்டிகளில் புற்றுநோயாக இருப்பதன் பங்கு அதிகம். மடியில் வரும் கட்டி என்றால் இன்னும் மோசம். பத்தில் எட்டு ஒன்பது புற்றுதான். வெள்ளைப் பூனைகளுக்குக் காது நுனியிலும் மூக்கிலும் ஆறாத பொருக்கு மாதிரி வருவது வெயிலால் வரும் தோல் புற்றாக இருக்கலாம்.

தோள்பட்டை நடுவில் வரும் கட்டிக்கு ஒரு தனிக் கதை உண்டு. தடுப்பூசி போட்ட இடத்தில் அபூர்வமாகச் சில பூனைகளுக்குத் தசைநார்ப் புற்று வருவதை 1991-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக நோயியல் நிபுணர்கள் கவனித்து எழுதினார்கள். அதற்குப் பிறகு டாக்டர்கள் மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் கட்டி மூன்று மாதம் ஆகியும் இருந்தால், அல்லது இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தால், சும்மா விடாமல் சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இப்போது பல நாடுகளில் தோள்பட்டை நடுவில் ஊசி போடாமல் காலின் கீழ்ப்பகுதியில் போடச் சொல்வதும் இதனால்தான். இதைப் படித்துவிட்டு ரேபிஸ் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். அந்தப் புற்று வருவது மிக அபூர்வம். ரேபிஸ் வந்தால் பூனையும் பிழைக்காது, அது கடித்து மனிதருக்கும் அந்த நோய் வந்துவிட்டால் அவர் பிழைப்பதும் மிக அபூர்வம்.

ஆகவே இந்த முறை "அனுப்பிருங்க" என்றேன். கட்டியை முழுதாக ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் இரண்டு கேள்விக்குப் பதில் வரும். இது என்ன கட்டி? வெட்டிய ஓரத்தில் கட்டியின் செல்கள் மிச்சம் இருக்கின்றனவா? இரண்டாவது கேள்வி முதல் கேள்வி அளவுக்கே முக்கியம். ஓரம் சுத்தமாக இல்லை என்றால் உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம்.

முதல் ராத்திரி

சாயங்காலம் மிளகைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தோம். கண் பாவை பெரிதாகி இருந்தது. நடந்தால் பின்னங்கால் இரண்டும் வேறு வேறு பக்கம் போனது. மயக்க மருந்தின் மிச்சம் அது. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் ஏற்பாடு வேண்டும்.

ஒரு சின்ன அறையைக் காலி செய்து கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். பூனைக்குத் தான் தள்ளாடுகிறோம் என்பது தெரியாது; வழக்கம்போல பீரோ மேல் தாவப் பார்க்கும். தரையில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டோம். மயக்க மருந்து கொடுத்த உடம்பில் சூடு சீக்கிரம் இறங்கும். அதனால் ஃபேனை நிறுத்தி, இன்னொரு துணியை மேலே லேசாகப் போர்த்தினோம். மணல் தட்டில் மணலை எடுத்துவிட்டுக் கிழித்த செய்தித்தாள் போட்டோம். பொடி மணல் தையலில் ஒட்டும்.

சாப்பாடு விஷயத்தில் அவசரப்படவில்லை. நன்றாக விழித்து, தலையை நேராகத் தூக்கி வைத்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அதற்குப் பிறகு ஒரு ஸ்பூன் வேகவைத்த கோழி. அரை மயக்கத்தில் ஊட்டினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம்.

எங்கள் இன்னொரு பூனை பொட்டு, கூடைக்குள் மூக்கை விட்டு முகர்ந்த உடனே சீறினான். ஐந்து வருடமாக ஒரே துணியில் சுருண்டு தூங்குகிற ஜோடி. பூனைகள் ஒன்றையொன்று வாசனையில்தான் அடையாளம் காண்கின்றன. மிளகின் மேல் ஸ்பிரிட்டும் மருந்தும் மற்ற விலங்குகளும் கலந்த ஆஸ்பத்திரி வாசனை. அவனைப் பொறுத்தவரை வந்திருப்பது வேறு யாரோ. இரண்டு பேரையும் பிரித்து வைத்து, இவள் படுத்த துணியை அவனிடமும், அவன் துணியை இவளிடமும் மாற்றி மாற்றிப் போட்டோம். நான்காம் நாள் சரியானது.

வலி: முகத்தைப் பார்க்கணும்

மறுநாள் காலை மிளகு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, முனகவில்லை. எனக்கு நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அது மூஞ்சியே சரியில்ல கண்ணு. வலிக்குது போலிருக்கு" என்றார். (அம்மாவுக்கு அது, எனக்கு அவள்.)

பூனை வலியைக் காட்டிக்கொள்ளாத விலங்கு. அது எலிக்கு வேட்டைக்காரன். தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரை. பலவீனத்தை வெளியே காட்டினால் ஆபத்து. அதனால் கத்துகிறதா என்று பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

இதற்கென்றே கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பூனையின் முகத்தில் ஐந்து விஷயங்களை மட்டும் பார்க்க வேண்டும்.

காது: நேராக முன்னோக்கி நிற்கிறதா, இரண்டும் விலகிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா.
கண்: முழுதாகத் திறந்திருக்கிறதா, சுருக்கி வைத்திருக்கிறதா.
மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி: உருண்டையாகத் தளர்ந்திருக்கிறதா, இறுகி நீள்வட்டமாக இருக்கிறதா.
மீசை: வளைந்து தொங்குகிறதா, விறைத்து முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறதா.
தலை: தோளுக்கு மேலே இருக்கிறதா, கீழே தொங்குகிறதா.

ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் பத்து. நாலு அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநிவாரணி தேவைப்படலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். தூங்கும்போதோ, சாப்பிடும்போதோ, நக்கிச் சுத்தம் செய்யும்போதோ மதிப்பெண் போடக்கூடாது. விழித்துச் சும்மா இருக்கும்போது அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

நான் போனில் அட்டவணையை வைத்துக்கொண்டு போட்டதில் ஐந்து வந்தது. அம்மா அட்டவணை இல்லாமலே சொன்னதுதான். டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே கூட்டிவரச் சொல்லி ஓர் ஊசி போட்டார். மதியம் பார்த்தபோது மதிப்பெண் ஒன்று. காலர் தட்டைத் தட்டிக்கொண்டே சாப்பாட்டுக்கு வந்தாள். இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான், காலையில் அவள் "நன்றாக" இருந்தாள் என்று நான் நினைத்தது எவ்வளவு தப்பு என்று புரிந்தது.

நம்ம மாத்திரை வேண்டவே வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பூனை வலியில் இருக்கிறது, டாக்டர் போன் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறது. குழந்தைக்கே கொடுக்கிறோமே, கால் மாத்திரை கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுக்கக் கூடாது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதற்குக் குறைவான அளவும் ஆபத்துதான்.

காரணம் சுவாரசியமானது. பாராசிட்டமாலை நம் ஈரல் ஒரு சர்க்கரை மூலக்கூறோடு இணைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். இணைக்கும் வேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றுக்கான மரபணு பூனைகளிடம் இருக்கிறது, ஆனால் ஓடாது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஃபங்ஷன் கோடில் அப்படியே இருக்கிறது, உள்ளே உடைந்து கிடக்கிறது, யாரும் நீக்கவும் இல்லை, சரிசெய்யவும் இல்லை. சிங்கம், சிறுத்தையிலும் அது உடைந்தே இருக்கிறது. இறைச்சி மட்டுமே சாப்பிடும் விலங்குக்குத் தாவர நச்சுகளை முறிக்கும் அந்த வசதி பெரிதாகத் தேவைப்படாமல் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

வெளியேற வழி இல்லாத பாராசிட்டமால் பூனையின் உடம்பில் நச்சாக மாறி, ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே ஓடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரம் முக்கியம்.

இபுப்ரொஃபென், ஆஸ்பிரினும் நீங்களாகக் கொடுக்கக் கூடாதவை. டாக்டர் மெலாக்சிகாம் கொடுத்தால் அவர் சொன்ன சொட்டு, அவர் சொன்ன நாள், அவ்வளவுதான். பூனைக்குத் திரும்பத் திரும்ப மெலாக்சிகாம் கொடுத்துச் சிறுநீரகம் செயலிழந்த நிகழ்வுகள் இருப்பதால் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010-ல் அதன் லேபிளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது.

இதே காரணத்தால்தான் அம்மாவோடு ஒரு சின்னச் சண்டையும் வந்தது. அம்மா பொள்ளாச்சிப் பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவர். "மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழைச்சுப் போட்டா ரெண்டே நாள்ல காஞ்சிரும் கண்ணு. மாட்டுக்கு எத்தன தடவ போட்ருக்கேன்" என்றார். மாட்டுக்குச் சரியாக இருந்திருக்கலாம். பூனை விஷயத்தில் தோலில் எதைத் தடவினாலும் அது கடைசியில் வாய் வழியாக வயிற்றுக்குள்தான் போகும். அங்கே இருப்பது அந்த அரைகுறை ஈரல். டெட்டால் மாதிரி பினால் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நச்சு என்பதும் இதனால்தான். சுத்தமாகத் தைத்த காயத்துக்கு மேலே பெரும்பாலும் எதுவுமே தேவை இல்லை. காய்ந்து இருந்தால் போதும். குளிப்பாட்டக் கூடாது.

"அப்ப ஒண்ணுமே போடாம விட்டா எப்புடி ஆறும்?" என்றார் அம்மா. "தையல் போட்ருக்காங்கம்மா, அதுவே ஆறும்." அம்மா தலையை ஆட்டினார், நம்பவில்லை.

சாப்பாடு

பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பதை "விரதம்" என்று விட்டுவிட முடியாது. சாப்பாடு இல்லை என்றதும் உடம்பு கொழுப்பை எடுத்து ஈரலுக்கு அனுப்பும். பூனையின் ஈரல் அவ்வளவையும் சமாளிக்க முடியாமல் கொழுப்பு அடைத்து நிற்கும். குண்டுப் பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நான் வைத்துக்கொண்ட விதி: ஆபரேஷன் முடிந்து ஒரு முழு நாள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குப் போன்.

பூனை மூக்கால் சாப்பிடுகிற விலங்கு. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. வெதுவெதுப்பாக்கினால் வாசனை கிளம்பும். உப்பு போடாமல் வேகவைத்த மீனும், அந்த வெந்த தண்ணீரும் எங்களுக்குக் கைகொடுத்தது. குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். காலர் போட்ட பூனைக்கு ஆழக் கிண்ணம் எட்டாது, தட்டையான தட்டு வையுங்கள். தட்டைத் தம்ளர் மேல் வைத்துச் சற்று உயர்த்தினால் இன்னும் சுலபம்.

காலரும் நாக்கும்

கழுத்தில் போடும் கூம்புக்கு எலிசபெத் காலர் என்று பெயர். முதலாம் எலிசபெத் மகாராணி காலத்தில் பிரபுக்கள் கழுத்தைச் சுற்றிப் போட்ட மடிப்புத் துணி மாதிரி இருப்பதால். மிளகு அதை வெறுத்தாள். பின்னாடியே நடந்தாள், கதவு நிலையில் மோதினாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம்தான் பிறகு வினையானது.

பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான முட்கள் இருக்கின்றன. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின். 2018-ல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அவற்றை ஸ்கேன் செய்து பார்த்தபோது ஒவ்வொரு முள்ளின் நுனியும் அகப்பை மாதிரி குழிவாக இருப்பதைக் கண்டார்கள். எச்சிலை அந்தக் குழியில் ஏந்திக்கொண்டு போய் முடிக்கு அடியில், தோல் வரைக்கும் சேர்க்கிறது. முடியைச் சுத்தம் செய்ய அற்புதமான கருவி. ஆறாத காயத்தில் அது உப்புக்காகிதம். பெரும்பாலான பூனைகளின் வாயில் இருக்கும் பாஸ்ட்யுரெல்லா பாக்டீரியாவும் கூடவே போகும். "நக்கினா புண் ஆறும்" என்று நம் ஊரில் சொல்வது தையலுக்குப் பொருந்தாது.

காலர் சரியான அளவா என்று பார்க்க: விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும்; கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். கட்டி விலாவிலோ கழுத்திலோ என்றால் பின்னங்கால் நகத்தால் சொறியவும் வாய்ப்பு உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள்.

எட்டாம் நாள்

தினமும் காலை ஏழு மணிக்கு, அதே ஜன்னல் ஓரம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, காயத்தைப் போட்டோ எடுத்தேன். நினைவை நம்பினால் நேற்றைவிடச் சிவப்பா இல்லையா என்று சொல்ல முடியாது. போட்டோக்களை அடுத்தடுத்து வைத்தால் தெரியும்.

நான்காம் நாள் தையலுக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம். பதறிப் போட்டோவை அனுப்பினேன். கட்டி இருந்த வெற்றிடத்தில் நீர் கோர்த்திருக்கிறது, சூடு இல்லை, வலி இல்லை, தானாக வற்றும் என்றார் டாக்டர். வற்றியது. சூடாக, தொட்டால் சீறுகிற மாதிரி, சீழோ நாற்றமோ இருந்தால் அது வேறு. உடனே போக வேண்டும்.

எட்டாம் நாள் போட்டோ அற்புதமாக இருந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, மெல்லிய கோடு மட்டும். மிளகு ராத்திரி முழுக்கக் காலரைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஆறிருச்சு, பாவம், கொஞ்ச நேரம் ஃப்ரீயா இருக்கட்டும்" என்று கழற்றினேன். அவள் என் மடியில் வந்து படுத்தாள், எனக்கும் சந்தோஷம். அலுவலக அழைப்பு ஒன்று வந்தது. இருபது நிமிடம். திரும்பி வந்தபோது இரண்டு தையல் பிரிந்து, காயம் ஓர் அங்குலத்துக்கு வாய் திறந்து, அவள் நிதானமாக நக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப மயக்கம். மறுநாள் ஓரங்களைச் சுத்தம் செய்து மீண்டும் தைத்தார்கள். "வெளிய ஆறின மாதிரிதாங்க இருக்கும், உள்ள இன்னும் பிடிச்சிருக்காது. பதினாலு நாள் கழட்டவே கூடாதுன்னு சொன்னேனுங்களே" என்றார் டாக்டர். கோபப்படவில்லை, அதனால் இன்னும் சங்கடமாக இருந்தது.

அன்று ராத்திரிதான் காயம் ஆறுவதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டியது. தையல் போட்ட காயத்தின் மேல்தோல் ஓரிரு நாளிலேயே மூடிவிடுகிறது. ஆனால் தோலுக்கு இழுவைத் தாங்கும் பலத்தைத் தருவது அடியில் இருக்கும் கொலாஜன் நார். அது ஐந்தாறு நாள் கழித்துத்தான் வேகமாகச் சேர ஆரம்பிக்கிறது. ஒரு வார முடிவில் பழைய பலத்தில் நூற்றுக்குச் சில பங்குதான் இருக்கும். மூன்று வாரத்தில் சுமார் 20 சதவீதம். மாதக்கணக்கில் ஆனாலும் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது. எட்டாம் நாள் காயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது தோல் இல்லை, நூல்.

பூனையில் இது இன்னும் மெதுவாம். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பூனை, நாய் இரண்டின் காயத்தையும் ஒப்பிட்டு 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழாம் நாளில், தைத்த காயத்தைப் பிரிக்கத் தேவைப்பட்ட விசை பூனையில் நாயைவிடப் பாதிதான். நாய் வளர்த்த அனுபவத்தை வைத்துப் பூனைக்கு நாள் கணக்குப் போடக்கூடாது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஆறும் காயம் அரிக்கும். பூனைக்குக் காயத்தில் ஆர்வம் அதிகமாவது வலி குறைந்த பிறகுதான். ஆக, பார்க்க ஆறிவிட்டது போலிருந்து, அரிப்பும் உச்சத்தில் இருந்து, நூல் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும் காலம், ஏறத்தாழ ஆறாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை. காலரைக் கழற்றலாம் என்று நமக்குத் தோன்றுவதும் சரியாக அப்போதுதான்.

பிறகு வந்த பதினாலு நாளும் காலரைத் தொடவில்லை. அவள் மோதிக்கொண்டு நடந்தாள், நான் பாவம் பார்க்கவில்லை. சாப்பிடும் நேரம் மட்டும் கழற்றுவதாக இருந்தால் முழு நேரமும் பக்கத்தில் உட்கார வேண்டும். போன் அடித்தால் முதலில் காலர், பிறகு போன். பழைய பனியனில் கால் ஓட்டை வெட்டிப் போடலாமா என்று கேட்டேன். விலாக் காயத்துக்குச் சில பூனைகளிடம் வேலை செய்யும் என்றார் டாக்டர். மிளகு பத்து நிமிடத்தில் அதிலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டாள்.

ரிப்போர்ட்

பன்னிரண்டாம் நாள் வந்தது. மாஸ்ட் செல் கட்டி. நன்கு முதிர்ந்த செல்கள், ஓரங்கள் சுத்தம்.

மாஸ்ட் செல் என்பது ஹிஸ்டமினைச் சேர்த்து வைத்திருக்கும் நோயெதிர்ப்பு செல். கட்டியை அழுத்தினால் அந்த ஹிஸ்டமின் வெளியே கொட்டி, சிவந்து, வீங்கி, அரிக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் "எவ்வளவு பெருசாயிருக்கு" என்று நான் தினமும் அமுக்கி அமுக்கிப் பார்த்தது ஞாபகம் வந்தது. எந்தக் கட்டியையும் அமுக்காதீர்கள். அளவுகோல் வைத்து அளந்து எழுதி வையுங்கள்.

பூனையின் தோலில் வரும் இந்த வகை பெரும்பாலும் சாதுவானது. முழுதாக எடுத்துவிட்டால் அதோடு முடிந்துபோவதுதான் அதிகம். ஆனால் சில பூனைகளுக்கு மண்ணீரலிலும் இருக்கும், சிலருக்கு வேறு இடத்தில் புதிதாக வரும். அதனால் வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தோம்; மண்ணீரல் சாதாரணமாக இருந்தது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்ப்பார். மாதம் ஒருமுறை நான் தலையிலிருந்து வால் வரை விரலால் தடவிப் பார்த்து எழுதி வைக்கிறேன். வெள்ளச்சிக்கு நாங்கள் செய்யாமல் விட்டது இதுதான். இப்போது எதைத் தேடுகிறோம் என்பதாவது தெரியும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

கதவில் ஒட்டி வைத்திருந்த பட்டியலை அப்படியே தருகிறேன். இதில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டர்.

ஈறு வெளுத்தோ பழுப்பாகவோ இருந்தால்.
வாயைத் திறந்து மூச்சு விட்டால். தூங்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு ஓடினால்.
ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தால், அல்லது சிறுநீர் போகாமல் இருந்தால்.
காயம் வாய் திறந்தால், ரத்தம் சொட்டினால், சீழ் அல்லது நாற்றம் இருந்தால்.
முக மதிப்பெண் நாலைத் தொட்டால்.
மனித மாத்திரை எதையாவது விழுங்கியிருந்தால்.

இருபத்து மூன்றாம் நாள் தையல் பிரித்தார்கள். காலரைக் கழற்றியதும் மிளகு செய்த முதல் வேலை, தழும்பைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் ஒரு மணி நேரம் நக்கியது. முடி இன்னும் முழுதாக வளரவில்லை. அம்மா அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் போடாமயே ஆறிருச்சே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ மட்டும் கழட்டாம இருந்திருந்தா இன்னும் முன்னாடியே ஆறிருக்கும்" என்றார். அது சரிதான்.